கட்டைவிரல் மனிதன் வாழ முடியுமா?

குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதைகளில் சித்திரக் குள்ளர்களுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அயர்லாந்தில் செருப்புத் தைத்துப் பொற்காசு சேர்க்கும் லெப்ரகான் என்ற குள்ளனைப் பற்றிச் சொல்வார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒரே இரவில் குளத்துக்குக் கரை கட்டி முடித்துவிடும் மெனெஹுனே என்ற சிறு மனிதர்களைப் பற்றிச் சொல்வார்கள். ஜப்பானியக் கதையில் வரும் இஸ்ஸுன்போஷி ஓர் அங்குல உயரமுள்ள சிறுவன். அவன் சோற்றுக் கிண்ணத்தைப் படகாகவும், உண்ணும் குச்சியைத் துடுப்பாகவும், ஊசியை வாளாகவும் கொண்டு தலைநகருக்குப் புறப்பட்டான். இங்கிலாந்தின் டாம் தம்ப் கதை 1621ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. டென்மார்க்கின் ஆண்டர்சன் 1835ஆம் ஆண்டில் தம்பலினா என்ற கட்டைவிரல் பெண்ணின் கதையை எழுதினார்.

நம் நாடும் இதில் பின்தங்கியதன்று. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வாலகில்யர் என்ற முனிவர் கூட்டம் வருகிறது. அவர்கள் கட்டைவிரல் அளவே உள்ளவர்கள். காசியபர் நடத்திய வேள்விக்குச் சமித்து கொண்டுவரும் பொறுப்பு அவர்களுக்கும் தரப்பட்டது. அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஒரு புரசு இலையின் காம்பைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். வழியில் மாட்டின் குளம்பு பதிந்த பள்ளம் ஒன்றில் நீர் தேங்கியிருந்தது. அதில் விழுந்து தத்தளித்தார்கள். மலையளவு விறகைச் சுமந்து வந்த இந்திரன் இதைக் கண்டு சிரித்துவிட்டுப் போனான்.

இந்திரன் சிரித்ததன் விளைவைப் பின்னால் பார்ப்போம். இப்போது வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இத்தகைய மனிதன் உண்மையில் வாழ முடியுமா? நம்மைப் போலவே கை, கால், கண், மூக்கு எல்லாம் உள்ளவன். உயரம் மட்டும் ஒரு கட்டைவிரல். அவனுக்கு என்ன நேரும்? இதற்கு விடை காணப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. பள்ளியில் நீங்கள் படித்த பெருக்கல் கணக்கே போதும்.

மூன்று அளவுகள்

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு முகங்கள். ஆகவே அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். கன அளவு 1 கன சென்டிமீட்டர். இப்போது பக்கத்தை இரண்டு மடங்காக்குங்கள். மேற்பரப்பு 24 ஆகிவிடும். அதாவது நான்கு மடங்கு. கன அளவோ 8 ஆகிவிடும். அதாவது எட்டு மடங்கு. நீளம் ஒரு மடங்கில் மாறும்போது பரப்பு அதன் இருமடியிலும், கன அளவு அதன் மும்மடியிலும் மாறுகின்றன.

இந்த உண்மை உயிர்களின் உடலமைப்பையே ஆள்கிறது என்பதை இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் எடுத்துக்காட்டினார். ஒரு சிறிய பிராணியின் எலும்பையும், அதே வேலையைச் செய்ய வேண்டிய பெரிய பிராணியின் எலும்பையும் அவர் அருகருகே வரைந்து காட்டினார். பெரிய எலும்பு நீளத்தைக் காட்டிலும் தடிமனில் மிக அதிகமாகப் பெருத்திருந்தது. எடை மும்மடியில் ஏறும்போது, அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்பு இருமடியில்தான் ஏறும். ஆகவே உருவத்தை அப்படியே பெரிதாக்கினால் கால் முறிந்துவிடும். எலியைப் பெரிதாக்கி யானை செய்ய முடியாது. யானைக்குத் தனியாகத் தூண் போன்ற கால்கள் வேண்டும்.

நாம் இதே கணக்கை எதிர்த் திசையில் போடப் போகிறோம்.

நம் கட்டைவிரல் மனிதனின் உயரம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஒரு பெயரும் வேண்டுமல்லவா? சுண்டு என்று அழைப்போம். 165 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரை அப்படியே 33 மடங்கு சுருக்கினால் சுண்டு கிடைப்பான். 33-ஐ 33-ஆல் பெருக்கினால் 1,089. அதை மீண்டும் 33-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 36,000. ஆகவே அவனுடைய தோலின் பரப்பு நம்முடையதில் 1,089-இல் ஒரு பங்கு. எடையோ 36,000-இல் ஒரு பங்கு. 60 கிலோவை 36,000-ஆல் வகுத்துப் பாருங்கள். சுண்டுவின் எடை ஒன்றே முக்கால் கிராமுக்கும் சற்றுக் குறைவு!

இந்த எடையில் ஒரு பாலூட்டி உண்மையிலேயே உலகில் இருக்கிறது. இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மூஞ்சூறை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் இனத்தைச் சேர்ந்த எட்ருஸ்கன் மூஞ்சூறு என்ற பிராணி வாலை நீக்கினால் நான்கு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். எடை ஏறத்தாழ 1.8 கிராம். எடையைக் கொண்டு பார்த்தால் உலகிலேயே மிகச் சிறிய பாலூட்டி இதுதான். சுண்டுவின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை அறிய இந்தச் சிறு பிராணி நமக்கு உதவப் போகிறது.

சுண்டுவுக்குக் கிடைக்கும் நன்மைகள்

முதலில் நல்ல செய்தி. ஒரு தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. சுண்டுவின் வலிமை 1,089-இல் ஒரு பங்காகக் குறைந்தாலும், எடை 36,000-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆகவே தன் எடையோடு ஒப்பிட்டால் அவன் நம்மைவிட 33 மடங்கு பலசாலி. எறும்பு தன்னைவிடப் பன்மடங்கு கனமான உணவுத் துணுக்கை இழுத்துச் செல்வதன் இரகசியம் இதுதான். எறும்பின் தசையில் மந்திரம் எதுவும் இல்லை. அது சிறியதாக இருப்பதே அதன் பலம்.

இதன்படி பார்த்தால் வாலகில்யருக்குப் புரசு இலைக் காம்பு ஒரு சுமையே அன்று. ஒரு காம்பின் எடை சில கிராம்தான் இருக்கும். தன் எடையைத் தானே சுமக்கக்கூடிய ஒருவரைச் சுருக்கினால், சுண்டு தன்னைப் போல் முப்பது பேரின் எடையைச் சுமப்பான். அந்தக் காம்பை ஒரே முனிவர் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கலாம்!

கீழே விழுவதற்கும் சுண்டு அஞ்ச வேண்டியதில்லை. விழும் பொருளைப் புவி இழுக்கும் விசை அதன் எடையைப் பொறுத்தது. காற்று தடுக்கும் விசை அதன் பரப்பைப் பொறுத்தது. மிக உயரத்திலிருந்து விழும் மனிதன் மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தை அடைகிறான். சுண்டு எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அவனது வேகம் மணிக்கு 35 கி.மீ. அளவைத் தாண்டாது. அவன் உடலின் எடையும் மிகக் குறைவாகையால் அடி பலமாகப் படாது. தென்னை மரத்தின் உச்சியிலிருந்து விழுந்தாலும் எழுந்து நடந்துவிடுவான் எனலாம்.

ஒரு துளி நீரின் அபாயம்

ஆனால் மாட்டுக் குளம்புப் பள்ளம்? அங்கேதான் கதை சொன்னவரின் கண் எவ்வளவு கூர்மையானது என்று தெரிகிறது.

குளித்துவிட்டுக் கரையேறும்போது நம் உடலில் நீர் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் தடிமன் கால் மில்லிமீட்டர் என்று கொண்டால், நாம் சுமந்து வரும் நீரின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஒரு பொருட்டே அன்று. சுண்டுவின் தோலிலும் அதே தடிமனுள்ள படலம்தான் ஒட்டும். நீரின் தன்மை ஆளுக்கு ஆள் மாறாது. அவன்மீது ஒட்டும் நீரின் எடை ஏறத்தாழ 0.4 கிராம், அதாவது அவன் உடல் எடையில் கால் பங்கு! நாம் குளித்து முடித்தபின் 15 கிலோ எடையுள்ள ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு நடப்பதற்கு இது சமம். இன்னும் சிறிய உயிர்களின் நிலை இதைவிட மோசம். நனைந்த ஈ தன் எடையைவிட அதிகமான நீரைச் சுமக்க நேரிடும். தண்ணீரில் விழுந்த ஈயும் கொசுவும் வெளியேற முடியாமல் துடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்த வாதத்தைப் பொதுமக்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர். உயிர்களின் சரியான அளவு பற்றி 1926ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. இங்கிலாந்தில் பிறந்த அவர் 1957இல் இந்தியாவுக்குக் குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

சுண்டு தண்ணீர் குடிப்பதும் எளிதன்று. நாம் பயன்படுத்தும் தம்ளரை 33 மடங்கு சுருக்கினால் அதன் உயரம் 3 மில்லிமீட்டர்தான். அதைக் கவிழ்த்தாலும் நீர் கொட்டாது. நீரின் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக் குழாயில் சிறிது நீரை ஏற்றி, மேல் முனையை விரலால் மூடிக்கொண்டு நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். கீழ் முனை திறந்திருந்தும் நீர் கீழே விழாது. சுண்டுவின் வீட்டில் எல்லாப் பாத்திரங்களும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

தீராத பசி

சுண்டுவின் பெரிய எதிரி நீர் அன்று; பசிதான்.

நம் உடல் எப்போதும் ஏறக்குறைய 37 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். உடலின் உட்பகுதியில் உண்டாகும் வெப்பம் தோலின் வழியாக வெளியேறுகிறது. சுண்டுவுக்கு ஒவ்வொரு கிராம் எடைக்கும் நம்மைப்போல் 33 மடங்கு தோல் இருக்கிறது. சூடான பாலைத் தம்ளரிலிருந்து அகன்ற தட்டில் ஊற்றினால் எவ்வளவு விரைவாக ஆறிவிடுகிறது! சுண்டுவின் உடலும் அப்படித்தான் ஆறும். இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய அவன் தின்றுகொண்டே இருக்க வேண்டும்.

எட்ருஸ்கன் மூஞ்சூறு இதைத்தான் செய்கிறது. ஒரு நாளில் அது தன் எடையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உணவைத் தின்கிறது. அதன் இதயம் நிமிடத்துக்கு 1,500 தடவை வரை துடிக்கக்கூடும். நம் இதயம் ஒருமுறை துடிக்கும் நேரத்துக்குள் அதன் இதயம் இருபது முறை துடித்துவிடும். உணவின்றிச் சில மணி நேரம் கழிந்தாலே அதன் உயிருக்கு ஆபத்து. மூஞ்சூறுக்காவது உடலைப் போர்த்திய மென்மயிர் உண்டு. சுண்டுவுக்கு அதுவும் இல்லை.

இங்கே ஒரு பழைய கணக்கைச் சரிபார்ப்போம். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணக் கதையில் லில்லிபுட் என்ற நாடு வருகிறது. அந்நாட்டு மக்களின் உயரம் ஆறு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு; கலிவரின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கலிவருக்கு எவ்வளவு உணவு தருவது என்று அரசனின் கணித அறிஞர்கள் கணக்கிட்டார்கள். பன்னிரண்டை மும்மடியாகப் பெருக்கி, 1,728 பேருக்கான உணவு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் உயிரியல் தவறு.

1932இல் மாக்ஸ் கிளைபர் என்ற அறிஞர் பல பிராணிகளின் உணவுத் தேவையை அளந்து ஒரு விதியைக் கண்டார். எடை பதினாறு மடங்கானால் உணவுத் தேவை எட்டு மடங்குதான் ஆகிறது என்பது அவ்விதியின் சாரம். இதன்படி பார்த்தால் கலிவருக்குச் சுமார் 270 லில்லிபுட்காரர்களின் உணவே போதும். அரசனின் கருவூலம் அநாவசியமாக ஆறு மடங்குக்கு மேல் செலவிட்டிருக்கிறது! மறுபக்கம் திருப்பிப் பார்த்தால், லில்லிபுட்காரன் ஒவ்வொருவனும் தன் எடைக்கு நம்மைப்போல் ஆறு மடங்குக்கு மேல் உண்ண வேண்டும். சுண்டுவுக்கோ இது ஏறத்தாழ பதினான்கு மடங்கு. அவன் உட்கார்ந்து ஊசியைத் தீட்டவோ, தலைநகருக்குப் பயணம் செய்யவோ நேரம் ஏது?

மூளைக்கு இடம் எங்கே?

இவ்வளவையும் எப்படியோ சமாளித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் நம்மைப்போல் பேசுவானா, சிந்திப்பானா?

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,350 கிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. மூளையை 36,000 மடங்கு சுருக்கினால் எஞ்சுவது இரண்டு அரிசி மணிகளின் எடை. செல்கள் அளவில் சுருங்காமல் இருந்தால் அதில் 24 இலட்சம் செல்களுக்குத்தான் இடம் உண்டு. வீட்டுச் சுண்டெலியின் மூளையில்கூட 7 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. சிறிய பிராணிகளின் மூளையில் செல்கள் சற்று நெருக்கமாக அமைந்திருப்பது உண்மையே. அப்படி நெருக்கினாலும் மனித மூளையின் வேலையைச் செய்யும் அளவுக்கு இடம் போதாது. உயிரினங்கள் அளவில் மாறலாம். அவற்றைக் கட்டும் செங்கற்களான செல்கள் அந்த அளவுக்கு மாறுவதில்லை. வீட்டைச் சிறிதாக்கும்போது செங்கல்லின் அளவைக் குறைக்க முடியாது என்றால், அறைகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மூஞ்சூறின் எடையில் வாழும் உயிர் மூஞ்சூறைப் போல்தான் வாழ முடியும். கட்டைவிரல் மனிதன் கதையில் மட்டுமே இருக்க முடியும்.

மூன்றரை அடி மனிதர்

கட்டைவிரல் அளவு முடியாது. அப்படியானால் மனித இனம் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும்? இதற்கு ஒரு விடை 2003ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் கிடைத்தது.

அத்தீவில் லியாங் புவா என்ற சுண்ணாம்புக் குகை இருக்கிறது. அதன் மண்ணைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். அதன் உயரம் ஏறத்தாழ 106 செ.மீ.; அதாவது மூன்றரை அடி. நான்கு வயதுக் குழந்தையின் உயரம். ஆனால் பற்களும் எலும்பும் அது முழுவளர்ச்சி அடைந்த ஒரு பெண் என்பதைக் காட்டின. மூளையின் கன அளவு நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியிருந்தும் அதே குகையில் கல் கருவிகள் கிடைத்தன. 2004இல் இச்செய்தி வெளியானபோது உலகமே வியந்தது. இந்த இனத்துக்கு ஹோமோ புளோரஸியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். டோல்கீன் 1937இல் எழுதிய கதையில் வரும் குள்ளர்களை நினைத்து, பத்திரிகைகள் இவர்களுக்கு ஹாபிட் என்று செல்லப் பெயர் சூட்டின.

இது நம்மைப் போன்ற ஒருவர் நோயினால் வளர்ச்சி குன்றியதன் விளைவே என்று சில அறிஞர்கள் வாதாடினார்கள். ஆனால் 2007இல் மணிக்கட்டு எலும்புகளை ஆராய்ந்தபோது அவை நம் இனத்தாரின் எலும்புகளைப் போல் இல்லை என்று தெரிந்தது. அதே தீவின் மற்றோர் இடமான மாடா மெங்கேயில் 7 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய சிறிய தாடையும் பற்களும் கிடைத்த செய்தி 2016இல் வெளியாயிற்று. ஆகவே இவர்கள் நோயாளிகள் அல்லர். நீண்ட காலம் அங்கே வாழ்ந்த ஒரு தனி இனம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

ஏன் சிறுத்தார்கள்? தீவில் உணவு குறைவு. பெரிய வேட்டைப் பிராணிகளும் குறைவு. அங்கே பேருடல் ஒரு சுமை. பல தலைமுறைகளில் பெரிய பிராணிகள் சிறுத்துவிடுவதும், சில சிறிய பிராணிகள் பெருத்துவிடுவதும் தீவுகளில் காணப்படும் ஓர் இயல்பு. புளோரஸில் யானையின் உறவினமான ஸ்டெகோடான் குள்ள உருவத்தில் வாழ்ந்தது. எலியோ முயலளவுக்குப் பெருத்தது. அந்த இராட்சத எலி இன்றும் அங்கே உண்டு. மனித இனமும் இதே வழியில் சிறுத்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் கருத்து. தொடக்கத்திலிருந்தே சிறிய உடல் கொண்ட பழைய இனம் ஒன்றிலிருந்து இவர்கள் வந்திருக்கலாம் என்பது மற்றொரு சாராரின் கருத்து.

புளோரஸ் தீவில் வாழும் நாகே என்ற மக்களிடையே எபு கோகோ என்ற காட்டு மனிதர்களைப் பற்றிய கதை வழங்குகிறது. உடலெல்லாம் மயிர் அடர்ந்த குள்ளர்கள் அவர்கள். ஊராரின் உணவைத் திருடித் தின்றார்கள். கடைசியில் ஊரார் அவர்களைக் குகையில் வைத்துத் தீயிட்டு அழித்தார்கள் என்பது கதை. இதைக் கேட்டதும் குகையில் கிடைத்த எலும்போடு முடிச்சுப் போடத் தோன்றுகிறதல்லவா? பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2016இல் காலத்தை மீண்டும் கணக்கிட்டபோது, அந்த எலும்புகள் 60 ஆயிரம் ஆண்டுகளுக்கும், கல் கருவிகள் 50 ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று தெரியவந்தது. ஒரு நினைவு ஏறக்குறைய இரண்டாயிரம் தலைமுறைகளைத் தாண்டி வாய்மொழியாகவே வந்தது என்று சொல்ல வலுவான சான்று வேண்டும். அத்தகைய சான்று இல்லை. குள்ளர் எலும்பே கிடைக்காத நாடுகளிலும் குள்ளர் கதைகள் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கதை மனிதர்மேல் விழுந்தபோது

கதையையும் மெய்யையும் அவசரப்பட்டு முடிச்சுப் போடுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு.

பண்டைக் கிரேக்கக் கவி ஹோமரின் இலியத் காவியத்தில் நாரைகளோடு போர் புரியும் பிக்மி என்ற குள்ளர் கூட்டம் பேசப்படுகிறது. அச்சொல் முழங்கையிலிருந்து விரல் முட்டி வரையுள்ள நீளத்தைக் குறிப்பது. நம் மொழியில் சொன்னால் முழ மனிதர். 1699இல் எட்வர்டு டைசன் என்ற ஆங்கில மருத்துவர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சிம்பன்ஸியின் உடலை அறுத்து ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அதைப் பிக்மி என்றே அழைத்தார். பழங்கதையின் குள்ளர்கள் மனிதர்களே அல்லர், குரங்குகளே என்றும் எழுதினார்.

பின்னர் ஐரோப்பியப் பயணிகள் நடு ஆப்பிரிக்கக் காடுகளில் ம்பூட்டி, அக்கா முதலிய உயரம் குறைந்த மக்களைக் கண்டபோது, இந்தப் பழைய பெயரையே அவர்களுக்குச் சூட்டினார்கள். அவர்கள் வேட்டையிலும் காட்டுத் தாவரங்களைப் பற்றிய அறிவிலும் இசையிலும் தேர்ந்த மக்கள். அவர்களின் உயரம் குறைந்ததற்குப் பரம்பரைக் கூறுகளே முக்கியக் காரணம் என்பது இன்று தெளிவாகியுள்ளது. ஆனால் அன்று கதைப் பெயரோடு கதையின் இளக்காரமும் அவர்கள்மேல் விழுந்தது.

அதன் விளைவை ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞர் அனுபவித்தார். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர உலகப் பொருட்காட்சியில் அவர் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டார். 1906 செப்டம்பரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில், குரங்குகள் வைக்கப்பட்ட கட்டடத்திலேயே அவரைக் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். கறுப்பின மதகுருமார்கள் கடுமையாக எதிர்த்த பிறகே அவர் விடுவிக்கப்பட்டார். ஊர் திரும்பும் வாய்ப்பின்றி மனம் உடைந்த அவர் 1916இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தக் காட்சிசாலையை நடத்தும் அமைப்பு 2020இல்தான் இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

காட்சிசாலையில் அவர் அருகே வைத்த பலகையில் உயரம் 4 அடி 11 அங்குலம் என்று எழுதியிருந்தார்கள். உங்கள் வீட்டில் அளவு நாடா இருந்தால் அந்த உயரத்தைச் சுவரில் குறித்துப் பாருங்கள். நம் தாய்மார்களிலும் பாட்டிமார்களிலும் பலருடைய உயரம் அதுதான்!

உயரம் குறைவது ஏன்?

நம் ஊர்களிலும் உயரம் மிகக் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மருத்துவக் காரணங்கள் பல. பெரும்பாலும் காணப்படுவது அகோண்டிரோபிளேசியா என்ற நிலை. ஏறத்தாழ 25 ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இவ்வாறு பிறக்கிறது. கை கால்களில் உள்ள குருத்தெலும்பு வளர்ந்து எலும்பாக மாற வேண்டும். அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஜீன் ஒன்றில் நேரும் ஒரே ஓர் எழுத்து மாற்றம் இதற்குக் காரணம் என்று 1994இல் கண்டுபிடித்தார்கள். இக்குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேரின் பெற்றோர் சாதாரண உயரம் உள்ளவர்களே. இது யாருடைய பாவமும் அன்று, சாபமும் அன்று. அறிவுத் திறனும் இதனால் குறைவதில்லை. உடலின் வேறு பல காரணங்களால் இன்னும் உயரம் குறைந்தவர்களும் உண்டு. நேபாளத்தின் சந்திர பகதூர் டாங்கி 2012இல் அளக்கப்பட்டபோது அவரது உயரம் 54.6 செ.மீ.தான். அளந்து உறுதி செய்யப்பட்ட வயதுவந்தோரில் மிகவும் உயரம் குறைந்தவர் அவரே. அவர் 2015இல் தமது எழுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 147 செ.மீ. அல்லது அதற்கும் குறைந்த உயரத்துக்குக் காரணமான மருத்துவ நிலையைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கல்வியிலும் வேலையிலும் அவர்களுக்குரிய உரிமைகளை அச்சட்டம் கூறுகிறது. ஆனால் சட்டம் வகுப்பறைக்குள் வந்து உட்காருவதில்லை. அங்கே உயரம் குறைந்த ஒரு மாணவனைச் சித்திரக் குள்ளன் என்று அழைப்பதா, அவன் பெயர் சொல்லி அழைப்பதா என்பதை முடிவு செய்வது நீங்கள்தான். அவனுக்குத் தேவை கால் எட்டும் பெஞ்சும், கை எட்டும் கரும்பலகையும், குடிநீர்க் குழாய் அருகே ஒரு படியும்.

இந்திரனின் கதையை முடித்துவிடுவோம். அவன் சிரித்துவிட்டுப் போனதும் வாலகில்யர்கள் வேறோர் இந்திரனை உண்டாக்க வேள்வி தொடங்கினார்கள். இந்திரன் நடுங்கிப்போய்க் காசியபரிடம் ஓடினான். அவர் நடுவே நின்று சமாதானம் செய்தார். அந்த வேள்வியின் பயனாகப் பறவைகளின் அரசனான கருடன் பிறந்தான். இனி இத்தகையவர்களை இகழாதே என்று இந்திரனுக்கு அறிவுரை கிடைத்தது.

காம்பின் எடையில் அந்தக் கதை தவறியிருக்கலாம். குளம்புப் பள்ளத்தின் அபாயத்தை மிகச் சரியாகக் கண்டுகொண்டது. இந்திரனின் சிரிப்பைப் பற்றிச் சொன்னதும் சரியே.